சித்திரத்தில் யாருக்கு இடம்?

(ஒரு சிற்றூர் வாசகசாலைத் திறப்பு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த வாசகசாலையைத் திறந்து வைப்பதோடு, சித்திரக் கலையைப் பற்றியும் சிறிது பேச வேண்டும் என்று உங்கள் செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தூரிகை பிடித்ததெல்லாம் கூட்டங்களுக்குச் சுவரெழுத்து எழுதுவதற்காகத்தான். மற்றபடி நான் தெரிந்துகொண்டதெல்லாம் இதுபோன்ற வாசகசாலைகளில் உட்கார்ந்து, புரியாததை மூன்று தடவை படித்து, அப்புறமும் புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

சித்திரம் என்றால் வயிறு நிறைந்தவன் சங்கதி, அது நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நம் வீட்டுச் சுவரைப் பாருங்கள். படமில்லாத வீடு உண்டா? மளிகைக் கடைக்காரன் இனாமாகக் கொடுத்த காலண்டராவது தொங்குகிறதா இல்லையா? அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் நிறம்? யார் உடை? அந்த வீட்டில் களை எடுக்கிற அம்மாளைப் போல ஒருத்தி எந்தக் காலண்டரிலாவது பீடத்தில் உட்கார்ந்திருக்கிறாளா? தினம் காலையில் கண் விழித்ததும் பார்க்கிற படத்தில் தன்னைப் போன்ற ஒருவர் இல்லவே இல்லை என்றால், பார்க்கிறவர் மனத்தில் என்ன பதியும்? பெரிய இடத்தில் இருக்க வேண்டியவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள், நாம் அப்படியில்லை என்பதுதானே பதியும்? இதை எந்தச் சாஸ்திரமும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, சுவரே சொல்லிவிடுகிறது.

நிற்க. இன்றைக்கு நான் பேசப் போவது நம் ஊர்ச் சங்கதியல்ல. அமெரிக்காவிலே கருப்பின மக்களிடையே தோன்றிய சித்திரக்காரர்கள் செய்த காரியத்தைப் பற்றியது. அவர்கள் பழைய ஐரோப்பியப் பெரும் சித்திரங்களையும், கடைத்தெருப் படங்களையும், சினிமாவையும், பாட்டையும், தங்கள் மக்களின் வாழ்க்கையையும் ஒரே துணியில் கலந்து வரைந்தார்கள். ஏன் கலந்தார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் ஐரோப்பியச் சித்திரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நானூறு ஐந்நூறு ஆண்டுகளாக அங்கே பெரிய சித்திரம் என்றால் அரசன், பிரபு, பாதிரி, பணக்கார வியாபாரி, அவர்களுடைய தெய்வங்கள், இவர்கள்தான். பணம் கொடுத்தவனுக்குப் படம். கருப்பு மனிதன் அதில் வருவதில்லையா என்றால், வருவான், ஓரத்தில் வருவான். தட்டு ஏந்திக்கொண்டிருப்பான், அல்லது குதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பான். பாரிஸ் நகரத்திலே மானே என்ற சித்திரக்காரர் 1863-ல் 'ஒலிம்பியா' என்ற பிரசித்தி பெற்ற படத்தை வரைந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். பின்னால் ஒரு கருப்புப் பெண் பூச்செண்டு ஏந்தி நிற்கிறாள். கட்டிலில் இருந்தவளைப் பற்றி மேதாவிகள் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார்கள். பூச்செண்டு ஏந்தியவளுக்கு ஒரு பெயர் உண்டா என்று அநேகமாக யாரும் கேட்கவில்லை. மானேயின் குறிப்புப் புத்தகத்திலேயே அவள் பெயர் இருந்தது. லோர் என்பது அவள் பெயர். 2019-ல் பாரிஸ் ஆர்சே மியூசியத்தில் நடந்த ஒரு கண்காட்சியின்போதுதான் அந்தப் படத்துக்கு, கண்காட்சி நடந்த நாட்கள் வரையிலாவது, 'லோர்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வேலைக்காரியின் பெயரைச் சொல்ல நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, தோழர்களே! நாகரிகத்தில் தலைசிறந்ததென்று பெயர் வாங்கிய பாரிஸ் நகரத்திலேயே இப்படியென்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்பானேன்?

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அந்நாட்டு மக்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு படம் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் 1776 டிசம்பரில், பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைப் படகில் கடந்து எதிரிகள் மேல் பாய்ந்த சம்பவத்தை லாய்ட்சே என்பவர் 1851-ல் வரைந்தது. அகலம் மட்டும் சுமார் 21 அடி. வாஷிங்டன் படகில் எழுந்து நின்றுகொண்டு நெஞ்சை நிமிர்த்திப் பார்க்கிறார். ஓடுகிற படகில் புத்தியுள்ளவன் எழுந்து நிற்பானா என்று நீங்கள் கேட்கலாம். வீரர்களைப் படத்தில் உட்கார வைக்கிற வழக்கமில்லை. விடுதலை வீரரான அந்த வாஷிங்டனும் தம் பண்ணையில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர்தான் என்பதை அந்தப் படம் சொல்லாது.

1975-ல் ராபர்ட் கோல்ஸ்காட் என்ற கருப்பினச் சித்திரக்காரர் அந்தப் படத்தை அப்படியே திருப்பி வரைந்தார். அதே ஆறு, அதே படகு, அதே கொடி. ஆனால் வாஷிங்டன் நின்ற இடத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் நிற்கிறார். இந்தக் கார்வர் யாரென்பது இங்கே இருக்கும் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். படித்து விவசாய விஞ்ஞானியானவர். பருத்தியே போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணில் நிலக்கடலை போடுங்கள் என்று ஏழைக் குடியானவர்களுக்குச் சொன்னவர். நிலக்கடலையை மனிதன் உண்ணத்தக்கதாக 105 விதமாகச் சமைக்கலாம் என்று 1916-ல் ஒரு சிறு புத்தகமே வெளியிட்டவர். 1943-ல் காலமானார். அவரைப் படகின் நடுவில் நிறுத்திவிட்டுச் சுற்றிலும் யாரை வைத்தார் தெரியுமா? அமெரிக்க வெள்ளைக்காரர்கள் கருப்பு மனிதன் என்றால் எதையெல்லாம் நினைத்துச் சிரிப்பார்களோ அத்தனையையும் வைத்தார். சமையற்காரன், பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பல்லைக் காட்டுகிறவன், சாராயம் குடிக்கிறவன், மாவு டப்பாவின் மேல் சிரித்துக்கொண்டிருந்த 'ஆன்ட் ஜெமிமா' என்ற குண்டு வேலைக்காரி, இவர்கள்தான் மாலுமிகள்! அந்த ஜெமிமா பெயரில் 1889 முதல் மாவு விற்றார்கள். 2021-ல்தான் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள்.

இது கருப்பர்களைக் கேலி செய்வதல்லவா என்று அவருடைய சொந்த மக்களிலேயே பலர் கோபித்துக்கொண்டார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சரித்திரப் புத்தகத்தில் உங்களுக்கு இருக்கும் கருப்பு மனிதன் இவ்வளவுதானா, வேலைக்காரனும் கோமாளியும், ஒப்புக்கு ஒரு கார்வரும் தானா என்று அவர் கேட்கிறார். சிரித்தவன் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. கேலிக்கு அந்தச் சக்தி உண்டு என்பது நம் மேடைகளில் நாம் பார்த்ததுதான்.

ஆனால் கேலியால் முடிவது ஓரளவுதான். கேலி செய்து பழையதைக் கீழே தள்ளலாம். தள்ளின இடத்தில் எதை வைப்பது? இதற்குப் பதில் சொன்னவர் என்று நான் நினைப்பது கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்பவரை.

இவர் 1955-ல் அலபாமா மாகாணத்து பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். அந்த ஊர் எப்படிப்பட்டதென்றால், 1963-ல் கருப்பர்கள் கூடும் மாதாகோவிலில் நிறவெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்களே, அந்த ஊர். அதே 1963-ல் இவர் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாட்ஸ் பகுதிக்குக் குடி போயிற்று. இரண்டு வருஷத்துக்கெல்லாம் அங்கேயும் பெரிய கலகம் மூண்டது. இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த பையனுக்குச் சித்திரப் பைத்தியம் எங்கிருந்து வந்ததென்றால், சிறு குழந்தைகள் வகுப்பில் ஒரு ஆசிரியை படங்களை வெட்டி ஒட்டி வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்ததிலிருந்துதான் வந்ததாம். தாய்மார்களே, வெட்டி ஒட்டின ஒரு புத்தகம்! ஆயிரக்கணக்கில் செலவில்லை.

பிறகு சார்லஸ் வைட் என்ற சித்திரக்காரரிடம் படித்தார். 'வைட்' என்றால் வெள்ளை, ஆள் கருப்பர். தம் மக்களை அழுக்கும் அவமானமுமாக வரையாமல், மலைபோல் நிற்கிற மனிதர்களாக வரைந்தவர் அவர். சித்திரக்காரனாக ஒரு கருப்பு மனிதன் உயிரோடு நடமாடுவதைக் கண்ணால் பார்த்ததுதான் மார்ஷலுக்குப் பெரிய பாடம் என்று நான் நினைக்கிறேன்.

1980-ல் மார்ஷல் ஒரு சின்னஞ்சிறு படம் வரைந்தார். எட்டு அங்குல உயரம்தான். கருப்புப் பின்னணியில் ஒரு கருப்பு மனிதன். கண்ணும், சட்டைக் கழுத்தும், இடையில் ஒரு பல் இல்லாத சிரிப்பும்தான் பளிச்சென்று தெரியும். மற்றதை உற்றுப் பார்த்தால்தான் காணலாம். எதிரே நின்றாலும் எங்களை நீங்கள் பார்ப்பதில்லை என்பதுதான் அதன் பொருள். அதிலிருந்து அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். தம் சித்திரங்களில் வரும் மனிதர்களை மாநிறமாகவோ, பழுப்பாகவோ, வெளுப்புத் தட்டியோ வரைவதில்லை. கருப்பு என்றால் கருப்பாகவே வரைவது. நாற்பத்தைந்து வருஷமாக அப்படியே வரைந்து வருகிறார்.

கருப்பு பூசுவதில் என்ன கெட்டிக்காரத்தனம் என்பீர்கள். நானும் சுவரெழுத்துக்குக் கருப்பு கலக்கினவன்தான், அதனால் இது எனக்கு வெகு ருசியான சங்கதி. அவர் மூன்று விதக் கருப்பு வைத்திருக்கிறார். எலும்பைக் கரித்துச் செய்கிற கருப்பு ஒன்று. புகைக்கரியிலிருந்து வருகிற கருப்பு ஒன்று. இரும்பிலிருந்து எடுக்கிற கருப்பு ஒன்று. முதலாவதில் ஒரு மிருது. இரண்டாவது ஆழ்ந்து கிடக்கும். மூன்றாவது ஒரு மாதிரி சூடாகத் தெரியும். இவற்றோடு நீலமும் பச்சையும் சிவப்பும் சிறிது சிறிது சேர்ப்பார். ஆகவே தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே கருப்பாகத் தெரிவது, கிட்டப் போய்ப் பார்த்தால் கன்னம் வேறு, கழுத்து வேறு, கை வேறாக உயிரோடு தெரியும். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்லுகிறவன் கிட்டப் போய்ப் பார்க்காதவன்.

1993-ல் அவர் ஒரு முடிதிருத்தும் கடையை வரைந்தார். 'டி ஸ்டைல்' என்று பெயர். ஹாலந்து தேசத்தில் அதே ஓசையில் ஒரு சித்திரக் கோஷ்டி இருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், நேர்க்கோடு, இவைதான் அவர்கள் மூலதனம். அந்த மேதாவிக் கோஷ்டியின் வர்ணங்களையெல்லாம் கொண்டுவந்து மார்ஷல் ஒரு கருப்பர் தெருச் சலூனில் வைத்துவிட்டார். நடுவில் நாற்காலியில் ஒருவர் துணி போர்த்து உட்கார்ந்திருக்கிறார். முடிதிருத்தும் தோழர் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். எப்படித் தூக்கியிருக்கிறார் என்றால், பழைய மாதாகோவில் படங்களில் மகான்கள் ஆசீர்வாதம் செய்யத் தூக்குவார்களே, அப்படி! ஆசீர்வாதமாவது நமக்கு எதற்கு என்பது வேறு விஷயம். இத்தனை காலம் யாருடைய கை மட்டும் அப்படி உயரலாம் என்று இருந்ததோ, அந்த இடத்தில் சீப்புப் பிடிக்கிற கை உயர்ந்திருக்கிறது. எத்தனையோ ஊர்களில் நம் பத்திரிகையைச் சத்தம்போட்டுப் படித்தது எந்தக் கடையில் என்று உங்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட முடி வெட்டிக்கொள்ளும் நேரத்தில் உலகத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஆகையால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அது அமெரிக்காப் படமாகத் தோன்றவில்லை. அதை லாஸ் ஏஞ்சல்ஸ் மியூசியம் வாங்கியது. மார்ஷல் சிறுபிள்ளையாக வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நடந்த அதே மியூசியம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த படம் இனிமேல்தான். 2012-ல் வரைந்தது. பெண்கள் தலை அலங்காரம் செய்துகொள்ளும் கடை. பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள்; ஒவ்வொருத்தி நிற்கிற நிலையும் ராணி மாதிரி. சுவரில் அவர்கள் இனத்துப் பாடகி லாரின் ஹில்லின் இசைத்தட்டுப் படம் ஒட்டியிருக்கிறது. பின்னால் கண்ணாடி, அதில் ஒரு பளீர் வெளிச்சம். படத்தை எடுக்கிறவன், அதாவது சித்திரக்காரனே, அந்த வெளிச்சத்துக்குள் மறைந்து நிற்கிறான். ஸ்பெயின் தேசத்து வெலாஸ்கெஸ் 1656-ல் அரண்மனைப் படம் ஒன்றில் கண்ணாடியை வைத்துச் செய்த சாமர்த்தியத்தை இவர் சலூன் கண்ணாடியில் செய்கிறார். அங்கே கண்ணாடியில் தெரிந்தது ராஜாவும் ராணியும்.

ஆனால் படத்தின் முன்பக்கத்தில், தரைக்கு மேலே, கோணல்மாணலாக இழுத்துவிட்ட மாதிரி ஒரு மஞ்சள் உருவம் மிதக்கிறது. நேரே நின்று பார்த்தால் என்னவென்று புரியாது. பக்கவாட்டில் போய் ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும்: பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலுமாக ஒரு ராஜகுமாரியின் தலை! வால்ட் டிஸ்னி கம்பெனியார் 1959-ல் எடுத்த 'தூங்கும் அழகி' என்ற பொம்மைப் படத்துக் கதாநாயகி.

இந்த வித்தை இவர் கண்டுபிடித்ததல்ல. 1533-ல் ஹோல்பைன் என்பவர் இரண்டு பெரிய மனிதர்களை வரைந்தார். அவர்கள் பக்கத்தில் பூகோள உருண்டை, வீணை மாதிரி ஒரு வாத்தியம், புத்தகம் எல்லாம் இருக்கும். காலடியில் இப்படித்தான் ஒரு கோணல் உருவம். பக்கத்திலிருந்து பார்த்தால் மண்டை ஓடு. எவ்வளவு பெரிய மனிதனானாலும் சாவு காலடியில் கிடக்கிறது என்று அர்த்தம். மார்ஷல் அந்த மண்டை ஓடு இருந்த இடத்தில் ராஜகுமாரியை வைத்தார்! பெரியவர்கள் அத்தனை பேரும் அதைக் கவனிக்கவில்லை. தங்கள் அலங்காரத்தில் இருக்கிறார்கள். நடக்கப் பழகிய ஒரு பச்சைக் குழந்தை மட்டும் அந்த உருவத்தைக் குனிந்து எட்டிப் பார்க்கிறது.

தாய்மார்களே, இந்த இடத்தை நீங்கள் யோசிக்க வேண்டும். சாவு எப்படி எல்லாருடைய காலடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறதோ, அப்படியே வெள்ளைதான் அழகு என்கிற எண்ணமும் அந்த வீட்டுக்குள், அந்தக் கடைக்குள், அவர்கள் சந்தோஷத்துக்குள்ளேயே கிடக்கிறது. பெரியவர்கள் பழகிவிட்டார்கள். குழந்தைதான் புதிதாகப் பார்க்கிறது. பார்த்து என்ன கற்றுக்கொள்ளும்? நம் கடைகளில் சிவப்பழகுக் களிம்பு விற்காத கடை எத்தனை? பெண் பார்க்கப் போகிறவன் முதலில் கேட்கிற கேள்வி என்ன? பிள்ளை பிறந்ததும், "கருப்பா பொறந்திருச்சே" என்று பாட்டி மூக்கைச் சிந்துகிறாளே, அந்தப் பாட்டி என்ன நிறம்? எனக்கே என் அத்தை ஆறு வயதில் பயற்றமாவு தேய்த்துத் தேய்த்துக் கன்னம் எரிந்தது இன்னும் ஞாபகமிருக்கிறது. அவள் கெட்டவளல்ல, பிரியத்தால்தான் தேய்த்தாள்.

அந்தப் படம் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? அவர் பிறந்த அதே பர்மிங்ஹாம் நகரத்து மியூசியத்தில்.

இப்படிச் செய்வதைப் பற்றி இரண்டு ஆட்சேபணைகள் உண்டு. உயர்ந்த கலையிலே பொம்மைப் படத்தையும் ரேடியோப் பாட்டையும் கலந்தால் கலை கெட்டுவிடாதா என்பது ஒன்று. ஹோல்பைன் வரைந்த வாத்தியமும் புத்தகமும் அன்றைக்கு அந்த ஊரில் புழங்கிய சாமான்கள்தானே? நானூறு வருஷம் பழசானதும் அது உயர்ந்த கலையாகிவிட்டது. புளித்த மாவு உசத்தி என்பது தோசைக்குச் சரி. அறிவுக்கும் அதுவே அளவாகுமா? இரண்டாவது ஆட்சேபணைதான் கொஞ்சம் கனமானது. வெள்ளைக்காரன் பாணியையே ஏன் கற்றுக்கொண்டு வரைய வேண்டும், அது அவனுக்கு அடிமையாவதில்லையா என்பது. நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவன் ஒரு தெருவில் நம்மை நடக்கக் கூடாதென்று தடுத்தால், நாம் வேறு தெரு போட்டுக்கொண்டு போவதா, அந்தத் தெருவிலேயே நடப்பதா? பெரிய மியூசியம் என்பது அப்படிப்பட்ட தெரு. மார்ஷல் அதில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார். அதுவும் அங்கே நடக்கிறவர்களைவிட நன்றாக நடக்கக் கற்றுக்கொண்டு நடந்தார். கைத்தொழில் சுத்தமில்லாமல் கோபம் மட்டும் இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் தம் மக்களுக்கு முகஸ்துதி செய்கிறவரல்ல. 2025-ல் லண்டன் ராயல் அகாடமியில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தது. அதிலே, ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்றதில் ஆப்பிரிக்கர்களுக்கும் பங்கு இருந்ததை மறைக்காமல் வரைந்த படங்களையும் வைத்தார். தன் இனத்தான் செய்தது என்பதற்காக மூடி வைக்கிறவன் எப்படிப் பகுத்தறிவுக்காரனாவான்?

இனி பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பணத்தைப் பேசாமல் கலையைப் பேசுவது அரை உண்மை.

1997-ல் மார்ஷல் ஒரு பெரிய படம் வரைந்தார். ஏரிக்கரைப் பூங்காவில் கருப்புக் குடும்பம் ஒன்று ஓய்வாக உட்கார்ந்திருக்கிறது. விரிப்பில் சாப்பாடு, பக்கத்தில் ரேடியோ, தூரத்தில் படகு. வெள்ளைச் சீமான்கள் புல்தரையில் பொழுது போக்குவதை மானேயும் மற்றவர்களும் வரைந்தார்களே, அந்த ஓய்வு எங்களுக்கும் உண்டு என்கிற படம். சிகாகோவில் பொருட்காட்சி மண்டபம் நடத்தும் ஒரு பொது ஸ்தாபனம் அதை 25,000 டாலருக்கு வாங்கியது. 2018 மே மாதம் ஏலத்தில் விட்டது. போன விலை 2 கோடியே 11 லட்சம் டாலர்! அன்றைய கணக்கில் நம் ரூபாயில் 140 கோடிக்கு மேல். உயிரோடிருக்கும் ஒரு கருப்பின அமெரிக்கச் சித்திரக்காரரின் படத்துக்கு அதுவரை அவ்வளவு விலை போனதில்லை. வரைந்தவருக்கு அதில் ஒரு காசு பங்கு கொடுக்க வேண்டுமென்று அந்நாட்டில் சட்டமில்லை.

அவரோ பணத்துக்குப் பறந்தவரல்ல. 2017-ல் சிகாகோ நகரத்துப் பொதுக் கட்டடச் சுவர் ஒன்றில், அந்நகரின் கலைக்கும் அறிவுக்கும் உழைத்த 20 பெண்களின் முகங்களை மரங்களில் செதுக்கியதுபோல் வரைந்து கொடுத்தார். நான்கு ஜனாதிபதிகளின் தலையை மலையில் செதுக்கி வைத்திருக்கிறார்களே, நான்கும் ஆண்கள், அதற்கு எதிர்ப்பாட்டு. கூலி ஒரு டாலர். வாஷிங்டன் நகரத்துப் பெரிய மாதாகோவிலில், அடிமை முறையைக் காக்கச் சண்டையிட்ட இரண்டு தளபதிகளை 1953 முதல் வர்ணக் கண்ணாடி ஜன்னலில் வைத்து அழகு பார்த்தார்கள். கடவுளின் வீட்டில் யார் யாருக்கு இடம் கிடைக்கிறது பாருங்கள்! 2017-ல் அவற்றைக் கழற்றினார்கள். 2023-ல் அங்கே, உரிமை கேட்டு ஊர்வலம் போகிற கருப்பு மக்களின் படத்தை வைத்தார்கள். அதை வரைந்து கொடுத்தவரும் மார்ஷல்தான். வாங்கிய கூலி 18 டாலர் 65 சென்ட். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த வருஷம் 1865.

இப்போது இந்தக் கட்டடத்துக்கு நெருக்கமான சங்கதி. 1995-ல் மார்ஷல் சிகாகோவில் ஒரு பொது வாசகசாலைக்குப் படம் வரைந்து கொடுத்திருந்தார். ஏழைக் கருப்பு மக்கள் வசிக்கும் பகுதியில் உள்ள லெக்லர் வாசகசாலை. 'அறிவும் வியப்பும்' என்று படத்துக்குப் பெயர். சுமார் 23 அடி நீளம். குழந்தைகளும் பெரியவர்களும் மிகப் பெரிய புத்தகங்களுக்கு முன்னால் நின்று தலை தூக்கிப் பார்க்கிறார்கள். நகரசபை கொடுத்தது 10,000 டாலர். பூங்காப் படம் அவ்வளவு விலைக்குப் போனதைப் பார்த்ததும் நகராதிபதிகளுக்கு நாக்கில் நீர் ஊறியது. அதே 2018-ல் வாசகசாலைப் படத்தையும் ஏலத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி டாலர் வரை வரும் என்று மதிப்புப் போட்டார்கள்.

அவர்கள் சொன்ன நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு அதே வாசகசாலையைப் பெரிதாக்கப் போகிறோம் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு படம் போனால் என்ன, ஆயிரம் புத்தகம் வருமே என்று நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. பணக்காரர் பகுதி வாசகசாலையைப் பெரிதாக்க வரிப்பணம் இருக்கிறது. ஏழைப் பகுதிக்கு மட்டும் சுவரிலிருந்ததைக் கழற்றி விற்றால்தான் வழியா? அந்தப் பிள்ளைகளைப் பற்றிய படம், அந்தப் பிள்ளைகளுக்காக வரைந்த படம், இனி எவனோ ஒரு கோடீஸ்வரன் வீட்டு ஹாலில், அல்லது பூட்டிய கிடங்கில்! மார்ஷல் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். நகரத்தின் நடுச்சதுக்கத்தில் பிக்காசோ கொடுத்த சிலை நிற்கிறதே, அதை விற்றால் இன்னும் அதிகம் வருமே என்று குத்திக் காட்டினார். ஊரில் பேச்சு எழுந்தது, கண்டனம் வந்தது. கடைசியில் நவம்பர் மாதம் நகராதிபதி படத்தை ஏலத்திலிருந்து வாபஸ் வாங்கினார்.

தோழர்களே, இந்த வாசகசாலைக்கு மேஜை நாற்காலி வாங்கியது போக மீதி 1,400 ரூபாய் இருப்பதாகவும், அதில் வடக்குச் சுவருக்குப் படங்கள் வாங்கி மாட்டப் போவதாகவும் செயலாளர் சற்றுமுன் சொன்னார். தலைவர்கள் படத்தைத் தாராளமாக மாட்டுங்கள். ஆனால் வடக்குச் சுவரில் வேண்டாம். கிழக்குச் சுவரில் மாட்டுங்கள். வடக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வெறுமனே விடுங்கள். வாசலில் மாக்கோலத்தில் ஒரு மாட்டை அச்சு அசலாகப் போட்டிருந்த பெண் யார் என்று நான் வரும்போதே விசாரித்தேன். ஒன்பதாவது படிக்கிறாளாம், தகப்பனார் செங்கல் சூளையில் வேலை செய்கிறாராம், இந்தக் கூட்டத்திலேதான் எங்கேயோ இருக்கிறாளாம். அந்த 1,400 ரூபாய்க்கு வர்ணமும் தூரிகையும் வாங்கி அவள் கையில் கொடுத்துவிடுங்கள். கருப்பு வர்ணம் எப்படிக் கலப்பது என்று எனக்குத் தெரிந்ததை நான் போகும்முன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.